நட்டை இறுக்கினால் நிற்காத கசிவு

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மழைக்கால டயர் பராமரிப்பைப் பற்றி எழுதியபோது, வண்டிக்கு அடியில் ஓடும் பிரேக் குழாய்களையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். டயருக்கு வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே அதிகம். அவற்றுள் ஒன்றன் கேள்விக்கு மற்றொன்று துணையாக நிற்கும் சிலவற்றை எடுத்துக்கொண்டு, இம்முறை பகுதி முழுவதையும் பிரேக் குழாய் இணைப்புகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என்னுடையது பதினான்கு ஆண்டுப் பழைய சிறிய கார். வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரண்டு மாதங்களாக, வளைவில் திரும்பும்போது பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறது. இடது பின்சக்கரத்தின் உள்பக்கத்தில், குழாய் வந்து சேரும் நட்டைச் சுற்றி ஈரம் தெரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை நட்டை இறுக்கினார்கள். மூன்றாம் முறை வெள்ளை டேப் சுற்றி இறுக்கினார்கள். ஒரு வாரம் நின்றுவிட்டு மீண்டும் கசிகிறது. நிரந்தரத் தீர்வு என்ன? அதுவரை ஆயில் ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா?
– ஒரு வாசகர், குளச்சல்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஓட்டக் கூடாது. இன்றைய கார்களில், பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அறையும் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே பொறுப்பேற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், ஒரு குழாய் உடைந்தாலும் வண்டி முற்றிலும் பிரேக் இல்லாமல் போய்விடாது என்பது உண்மைதான். ஆனால் அந்த நிலையில் பெடல் நீங்கள் பழகியிராத ஆழத்துக்கு இறங்கும். வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் வெகுவாக நீளும். திங்கள்சந்தை வழியில் முன்னால் போகும் பேருந்து சட்டென்று நிற்கும்போது அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். அல்லது வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.

வளைவில் மட்டும் விளக்கு எரிவதற்குக் காரணம் எளியது. பிரேக் ஆயில் நிறைந்திருக்கும் குப்பியில் ஒரு மிதவை இருக்கிறது. மட்டம் குறைந்த குப்பியில், வண்டி திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாகச் சாய, மிதவை இறங்கி விளக்கை எரிய வைக்கிறது. பிரேக் பேடுகள் தேயும்போதும் மட்டம் மெல்ல இறங்கும் என்பதால், விளக்கு எரிந்த உடனே கசிவுதான் என்று முடிவு கட்டக் கூடாது. உங்கள் வண்டியில் ஈரமும் தெரிவதால் ஐயம் குறைவு. இருந்தாலும் அந்த ஈரம் எதனுடையது என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, கசியும் துளியை அதில் விடுங்கள். வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. பெயரில்தான் ஆயில், உண்மையில் அது தண்ணீரோடு கலந்துவிடும். ஷாக் அப்சார்பரிலிருந்து ஒழுகிய எண்ணெயாக இருந்தால் மேலே படலமாக மிதக்கும்.

அடுத்து, நட்டில் தெரியும் ஈரம் நட்டிலிருந்தே வருகிறது என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த இடத்தில் அடுத்தடுத்து மூன்று வாய்கள் இருக்கின்றன: குழாய் நட்டு, காற்றை வெளியேற்றும் நிப்பிள், பிரேக் டிரம்முக்குள்ளே பிரேக் கட்டைகளை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப். மூன்றில் எது கசிந்தாலும் ஆயில் டிரம்மின் பின்புறத்தை மூடும் பின்தட்டின் வழியே வழிந்து ஓரிடத்தில்தான் சொட்டும். அந்தப் பகுதியைப் பிரேக் கிளீனர் கொண்டோ ஸ்பிரிட் கொண்டோ நன்றாகத் துடைத்து உலர்த்தி, முகப்பவுடரைத் தூவிவிட்டு, வண்டிக்குள் ஒருவரை உட்காரவைத்துப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். காலை எடுத்துவிட்டால் குழாய்க்குள் அழுத்தமே இருக்காது என்பதால், நிறுத்தி வைத்த வண்டியில் கசிவைத் தேடுவது வீண் வேலை. அழுத்திய ஒரு நிமிடத்துக்குள் பவுடரில் எந்த இடம் முதலில் கறுக்கிறதோ அதுவே ஊற்றுக்கண். நட்டு உலர்ந்தே இருக்க, பின்தட்டின் அடிவிளிம்பு நனைந்தால் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரைத்தான் பார்க்க வேண்டும்.

நட்டுதான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலரும் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொண்டு பிரேக் குழாயைக் கையாளுகிறார்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் கசிவைத் தடுப்பது மரை. ஆகவே மரையில் டேப் சுற்றுகிறோம். பிரேக் குழாயில் மரைக்கு அந்த வேலையே இல்லை. குழாயின் நுனி ஒரு சிறு புனல் போல வெளிப்புறம் விரிக்கப்பட்டிருக்கும். அதைப் பிளேர் என்பார்கள். அந்தப் புனலை எதிரே உள்ள கூம்பு வடிவ இருக்கையோடு அழுத்திப் பிடிப்பது மட்டுமே நட்டின் வேலை. இரும்பும் இரும்பும் ஒரு மெல்லிய வளையமாகப் பொருந்துகிற அந்த இடத்தில்தான் ஆயில் தடுக்கப்படுகிறது. உங்கள் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு அளவில்தான் காற்று இருக்கிறது. அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போது இந்தக் குழாய்க்குள் ஏறும் அழுத்தம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அதை மரையில் சுற்றிய டேப் தடுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதோடு டேப்பின் துணுக்குகள் உள்ளே போனால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் நுண்ணிய வால்வுகளை அடைத்துக்கொள்ளும். ஆகவே டேப்பை முழுமையாகக் களைந்து, மரையைத் துடைத்துவிட்டுத்தான் வேறு எதையும் தொடங்க வேண்டும்.

மேலும் மேலும் இறுக்குவது டேப்பைவிடப் பெரிய தீங்கு. பல சிறிய கார்களில் இந்த நட்டுக்கு ஏறத்தாழ 15 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கே போதும். சக்கர நட்டுக்குக் கொடுப்பதில் ஆறில் ஒரு பங்குதான். அதற்கு மேல் முறுக்கும்போது புனலின் விளிம்பு நசுங்கி மெலிகிறது, பிளவுபடுகிறது, இருக்கையும் தேய்கிறது. நசுங்கிய உலோகம் புதிய வடிவத்துக்குச் சற்றுப் பொருந்துவதால் ஒரு வாரம் கசிவு நிற்கும். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் மூன்று முறையும் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். சரியான முறுக்கில் இறுக்கியும் கசிந்தால், கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இனி, ஏன் இந்த நட்டு என்ற கேள்வி. பிரேக் குழாய் பெரும்பாலும் 4.75 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய். சுவரின் கனம் 0.7 மில்லிமீட்டர் அளவே. மெல்லிய தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டிச் செம்பால் பற்றவைத்து, மேலே துத்தநாகமும் பிளாஸ்டிக் பூச்சும் கொடுத்திருப்பார்கள். குழாய் முழுவதும் இந்தப் பூச்சு காக்கிறது. நட்டின் பின்வாயில் மட்டும், ஒவ்வொரு முறை நட்டு திரும்பும்போதும் உராய்ந்து பூச்சு போய்விடுகிறது. நட்டுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் நுழைந்த ஈரம் எளிதில் காய்வதில்லை. நம் குமரி மாவட்டத்திலோ தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்கின்றன. மழை விட்ட நாளில் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மீன் வண்டிகளின் ஐஸ் பெட்டியிலிருந்து சாலையில் ஒழுகும் உப்புநீரும் பின்னால் வரும் வண்டிகளின் அடியில்தான் தெறிக்கிறது. ஆகவே கரையோர வண்டிகளில் கசிவு நட்டில் தெரிந்தாலும், நோய் நட்டுக்குப் பின்னால் உள்ள குழாயில் இருக்கிறது என்பதே என் அனுபவம்.

செய்ய வேண்டியது இது. நட்டில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். கழற்றும்போது திறந்த வாய் ஸ்பேனரைப் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள். மென்மையான நட்டின் முனைகள் மழுங்கி, அப்புறம் குறடுதான் கதி என்றாகிவிடும். ரிங் ஸ்பேனரின் ஒரு பக்கத்தைக் குழாய் நுழையும் அளவுக்கு வெட்டியது போன்ற பிளேர் நட் ஸ்பேனர் இதற்கென்றே இருக்கிறது. நட்டோடு சேர்ந்து குழாயும் முறுகினால், துரு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது என்று பொருள். குழாயை நட்டையொட்டி வெட்டிவிட்டு ஆறுமுனை சாக்கெட்டால் நட்டைக் கழற்றுவதே நல்லது. எப்படியும் அந்தக் குழாய் இனி உதவாது.

வெளியே வந்த நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். புனலில் சுற்றிலும் ஒரே அகலத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தால் பொருத்தம் சரி. ஓரிடத்தில் அறுந்தோ ஒரு பக்கமாகச் சாய்ந்தோ இருந்தால் கசிவின் வழி அதுவே. பிறகு குழாயின் வெளிப்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேலே மட்டும் செந்நிறம் படிந்து, அடியில் வழவழப்பாக இருந்தால், நீளம் மிச்சமிருக்குமானால் நுனியை வெட்டிப் புதிய பிளேர் போடலாம். குழிகள் தட்டுப்பட்டால் இணைப்பிலிருந்து இணைப்பு வரை முழுக் குழாயையும் மாற்றுங்கள். அதே வயதில் அதே உப்பைத் தின்ற வலது பக்கக் குழாயையும் சேர்த்து மாற்றுவது சிக்கனம். இடையில் வெட்டி ரப்பர் குழாய் சொருகிக் கிளிப் போடுவது, பித்தளை வளையம் நசுக்கும் இணைப்பை வைப்பது, பசை பூசுவது ஆகிய எதற்கும் பிரேக் குழாயில் இடமில்லை.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெறுகிறேன். மாலையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகுகிறேன். நான் போடும் பிளேர்களில் பாதி கசிகின்றன. மேலும், கடையில் வாங்கிய புதிய குழாயின் நட்டு மரையில் நன்றாக ஏறியபோதும் சற்று ஆடுகிறது. இறுக்கினால் சரியாகிவிடுமா, ஐயா?
– ஒரு வாசகர், தக்கலை

தம்பி, ஆடுகிற நட்டை இறுக்க வேண்டாம்; உடனே வெளியே எடுத்துவிடுங்கள். இன்று நம் சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் இந்த அளவுக் குழாயின் நட்டு 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்டது. பிரிட்டிஷ் வழிவந்த பழைய வண்டிகளிலும் அமெரிக்க முறையிலும் எட்டில் மூன்று அங்குல நட்டு, அங்குலத்துக்கு 24 மரை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டில் மூன்று அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.058 மில்லிமீட்டர். இடைவெளி ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் தயக்கமில்லாமல் ஏறும். விட்டம் அரை மில்லிமீட்டர் குறைவு என்பதால் மரையின் நுனியை மட்டுமே பற்றிக்கொண்டு நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் மெதுவாக மிதித்துப் பார்க்கும்போது தாங்கும். சாலையில் ஓங்கி மிதிக்கும் அன்று மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். பழைய நட்டையும் புதிய நட்டையும் பக்கத்தில் வைத்து, மரைகளை ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்த்துவிட்டு, விட்டத்தையும் காலிப்பர் என்ற அளவுக் கருவியால் அளந்த பிறகே குழாயை வாங்க வேண்டும்.

நட்டு சரியாகப் பொருந்தினாலும் பிளேர் பொருந்தாமல் போகலாம் என்பது இரண்டாவது கண்ணி. ஜப்பானிய வழிவந்த கார்களில் குழாய் நுனி உள்நோக்கி ஒருமுறை மடிக்கப்பட்டு 45 பாகை சாய்வில் விரிந்த இரட்டைப் பிளேராக இருக்கும். ஐரோப்பிய வழிவந்த கார்களில் நுனி குமிழ் போலப் புடைத்திருக்கும். பபிள் பிளேர் என்பார்கள். இரண்டுக்கும் அதே பத்து மில்லிமீட்டர் நட்டு வருவதுண்டு. புனலுக்கென்று கடைந்த இருக்கையில் குமிழை வைத்தால், எவ்வளவு இறுக்கினாலும் அது உட்காராது. துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: நடுவில் மேடாக ஒரு கூம்பு எழுந்து நின்றால் இரட்டைப் பிளேர், புனல் போல உள்ளே குழிந்திருந்தால் குமிழ்.

இனி நீங்கள் போடும் பிளேர்கள். கசிவுக்கு முதல் காரணம் பெரும்பாலும் வெட்டும் இடத்திலேயே தொடங்குகிறது. ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் வாய் கோணலாகும், இரும்புத் தூள் உள்ளே போகும். சக்கரம் உருளும் டியூப் கட்டரால், ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாக இறுக்கி வெட்டுங்கள். வெட்டிய வாயை அரத்தால் மட்டமாக்கி, உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் உள்ள பிசிறை எடுத்து, குழாய்க்குள் காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள். பிசிறோடு மடித்தால் அந்த இடத்தில்தான் புனல் பிளக்கும். பிறகு நட்டை மாட்டுங்கள். இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது: மிக அழகான ஒரு பிளேரைப் போட்டு முடித்து, நட்டு மேஜைமேல் இருப்பதைக் கண்டு, திரும்ப வெட்டாத மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. எனக்குத் தொழில் பழக்கிய ஆசான், நட்டை மறந்த ஒவ்வொரு நாளும் எனக்கு மாலைத் தேநீர் கிடையாது என்று விதி வைத்திருந்தார். முதல் மாதம் நான் தேநீர் குடித்த நாள்கள் சொற்பம்.

பிளேர் போடும் கருவியின் பிடிகட்டையில் குழாயை வைக்கும்போது, மேலே நீட்டியிருக்கும் உயரம், நுனியை மடிக்கும் அச்சான அடாப்டரின் தோள் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். அதிகமானால் மடிப்பு பெருத்து நட்டுக்குள் நுழையாது. குறைந்தால் புனல் சிறுத்து இருக்கையை எட்டாது. கட்டையின் இரண்டு திருகுகளையும் இறுக்கமாகப் பூட்டாவிட்டால் அழுத்தும்போது குழாய் கீழே நழுவும்; பாதிப் பிளேர்கள் கெடுவது இங்கேதான். அடாப்டரின் முனையில் ஒரு துளி பிரேக் ஆயிலைத் தொட்டுவிட்டு அழுத்துங்கள். விளிம்பு உள்நோக்கி மடிந்த பிறகு அடாப்டரை எடுத்துவிட்டுக் கருவியின் கூம்பால் அழுத்துங்கள். குமிழ் வகைக்கு அதற்குரிய அச்சு தனி; அதில் கூம்பின் வேலையில்லை. குளிர்சாதனப் பெட்டிக்காரர்கள் செய்வது போல மடிக்காமல் ஒரே தடவையில் விரிக்கும் ஒற்றைப் பிளேர் பிரேக்குக்கு ஆகாது. அதன் விளிம்பு இந்த அழுத்தத்தில் விரிசல் விடும்.

பொருத்தும்போது நட்டைக் கையாலேயே கடைசிவரை ஏற்றுங்கள். கையால் ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றினால் மரை குறுக்கே வெட்டிக்கொள்ளும். இறுக்கி, தளர்த்தி, மீண்டும் இறுக்கினால் புதிய புனல் இருக்கையின் வடிவத்துக்கு நன்றாக அமர்ந்துகொள்ளும். நான் மூன்று முறை செய்வது வழக்கம்.

துருப்பிடித்த பிரேக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்புக் குழாய் போட்டுவிடலாம், ஆயுளுக்கும் துருவேறாது என்கிறார் எங்கள் மெக்கானிக். ஏசிக்குப் பயன்படுத்தும் குழாயைத்தான் காட்டுகிறார். நம்பலாமா?
– ஓர் ஆசிரியை, கோட்டாறு

துருவேறாது என்பது வரை அவர் சொல்வது சரி. ஆனால் தூய செம்பு மிகவும் மென்மையானது. வண்டியின் ஓயாத அதிர்வில் நாளடைவில் கடினப்பட்டு, நட்டின் கழுத்துப் பகுதியில் விரிசல் விடும் இயல்புடையது. ஒரே கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிவதைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்டியிருப்பீர்கள், நடப்பது அதேதான். துரு தன் வரவை நிறத்தால் அறிவிக்கும். இந்த விரிசல் எதையும் அறிவிக்காது. ஏசிக் குழாய் பிரேக்கின் அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டதும் அல்ல. ஆகவே மறுத்துவிடுங்கள்.

அவர் மனத்தில் இருப்பது நல்ல எண்ணம்தான், பொருள்தான் தவறு. கேட்க வேண்டியது பிரேக்குக்கென்றே வரும் குப்ரோநிக்கல் குழாய். ஏறத்தாழ 90 பங்கு செம்பும் 10 பங்கு நிக்கலும், சிறிது இரும்பும் கலந்த உலோகம் அது. கடல்நீரை எதிர்த்து நிற்பதில் பெயர் பெற்றது. கப்பல்களின் கடல்நீர்க் குழாய்களுக்கும் படகு எஞ்சின்களின் குளிர்விப்பான்களுக்கும் பயன்படுவதால், துறைமுகப் பக்கம் படகு வேலை செய்பவர்களுக்கு இது புதிய பெயரன்று. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடான சுவீடனில் வால்வோ நிறுவனம் 1976 முதல் தன் கார்களின் பிரேக் குழாய்களுக்கு இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. கையால் வளையும்; பிளேரும் பிளவில்லாமல் வரும். எஃகுக் குழாயைவிட விலை கூடுதல்தான். விலை ஒத்துவரவில்லையென்றால், பூச்சுக் கொடுத்த கம்பெனி எஃகுக் குழாயே போதுமானது. நீங்கள் மாற்றப்போவதும் அப்படிப்பட்ட குழாயைத்தான், அது இத்தனை ஆண்டு தாங்கியிருக்கிறது அல்லவா? எதைப் போட்டாலும் பழைய கிளிப்புகள் அத்தனையிலும் பொருத்தச் சொல்லுங்கள். தொங்கும் குழாய் எந்த உலோகமானாலும் ஒடியும்.

ரப்பர் பால் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி என்னுடையது. பின் அச்சின்மேல் உள்ள பித்தளை மூவழி இணைப்பு இரண்டு ஆண்டுக்குள் இரண்டு முறை கசிந்துவிட்டது. துருவே இல்லை, மெல்லிய கீறல் மட்டும் தெரிகிறது. பித்தளையும் இப்படிக் கெடுமா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பால் உறையாமல் இருக்க அதில் என்ன சேர்க்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்: அம்மோனியா. பித்தளைக்கு அதைவிடப் பெரிய பகை கிடையாது. இறுக்கத்தால் இழுவிசையில் நிற்கும் பித்தளையின்மீது ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து படும்போது, உலோகம் தேயாமலேயே நூல் போன்ற விரிசல்கள் ஓடும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் குதிரை லாயங்களின் அருகே வைத்திருந்த படையினரின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலந்தோறும் வெடிப்பு விட்டன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். மழைப் பருவத்தில் தோன்றியதால் ஆங்கிலத்திலும் இதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர்.

ஒழுகும் டிரம்களிலிருந்து பால் தளத்தின் இடுக்கு வழியாக அச்சின்மேல் சொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். சொட்டினால் தளத்தில் விளிம்பு மடித்த தட்டு ஒன்றை விரித்து வழியை அடைக்க வேண்டும். இணைப்பை எஃகினாலான ஒன்றாக மாற்றுங்கள். அது துருவேறும், ஆனால் சொல்லாமல் வெடிக்காது. கோட்டாற்றுச் சகோதரிக்கு நான் சொன்ன குப்ரோநிக்கல் பித்தளையைவிட அம்மோனியாவைப் பெரிதும் தாங்கும் என்றாலும், அதுவும் செம்பின் பிள்ளைதான். உங்கள் வண்டிக்குப் பூச்சுள்ள எஃகுக் குழாயையே போடச் சொல்வேன்.

முன்சக்கரத்தின் ரப்பர் ஹோஸை மாற்றிய மறுநாளிலிருந்து, பிரேக் பேடுகளை அழுத்தும் கேலிப்பரில் துளித்துளியாகக் கசிகிறது. ஹோஸ் புதியது, போல்ட்டும் நன்றாக இறுக்கியிருக்கிறது.
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

ஹோஸ் புதியது, வாஷர்? உள்ளே துளையிட்ட அந்தப் போல்ட் நுழையும் ஹோஸ் முனையின் இருபுறமும் ஒவ்வொரு செம்பு வாஷர் இருக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை அதே மாதிரி நசுங்காது. சில ரூபாய்ப் பொருள். இரண்டையும் புதிதாகப் போடுங்கள். அந்தக் காலத்தில் பழைய வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி மென்மையாக்கித் திரும்பப் போடுவார்கள். அது வேலை செய்யும் என்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் புதியது கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு எதற்கு அந்த வேலை?

கசிந்த குழாயை மாற்றியாயிற்று, கசிவு இல்லை. ஆனால் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால்தான் பிடிக்கிறது. மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், கருங்கல்

அவசரப்பட வேண்டாம். குழாயைத் திறந்தபோது புகுந்த காற்று முழுவதும் வெளியேறவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். நீங்கள் முதலில் மிதிப்பது காற்றைத்தான்.

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடிப்பது பொது முறை. நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்ற வரிசை வரும். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நிப்பிளில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பாட்டிலில் உள்ள புதிய பிரேக் ஆயிலுக்குள் மூழ்க வையுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை அழுத்திப் பிடிக்க, நிப்பிளைத் திறந்து, குமிழிகள் வந்ததும் மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். மூடுவதற்கு முன்னே கால் எழுந்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். குப்பி ஒருபோதும் வறளக் கூடாது. வறண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பழைய வண்டியில் பெடலை ஒரேயடியாகத் தரைவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள் பல ஆண்டுகளாகப் போய்ப் பழகாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். அங்கே உராய்ந்து ரப்பர் கிழிந்துவிடும். காற்றெடுக்கப் போன வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டர் செலவு வந்து சேருவது பல நேரம் இப்படித்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தால் போதும். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருந்து, அதன் பெட்டிக்குள்ளும் காற்று புகுந்திருந்தால், ஸ்கேனர் இணைத்து அதன் பம்ப்பை இயக்கி எடுக்கும் வசதியுள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும், பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போய், வெளியே எங்கும் கசிவும் தெரியாவிட்டால், அப்போது மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம்.

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இந்தக் குழாய்களைக் காக்க என்ன செய்யலாம்? கழிவு எண்ணெயை அடியில் பூசலாம் என்கிறார்கள். எந்தப் பிரேக் ஆயில் ஊற்றுவது என்பதிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், மணக்குடி

கழிவு எண்ணெய் குழாய்க்கு நல்லதாகத் தோன்றும்; ஆனால் அதன் முனையிலுள்ள ரப்பர் ஹோஸில் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்பிரேயை, ஹோஸின்மேல் துணி சுற்றிவிட்டு, உலோகக் குழாய்க்கும் நட்டுகளின் பின்வாய்க்கும் மட்டும் மழைக்கு முன்னால் ஆண்டுக்கொரு முறை அடியுங்கள். வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் பகுதியில் பல வீட்டுக் கிணறுகளில் ஊறுவதே உப்புநீர், அந்த நீரால் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவது மேல்.

ஆயிலைப் பொறுத்தவரை, குப்பியின் மூடியிலேயே அதன் தரவகை டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும். அதைத் தாண்டி யார் சொல்வதையும் கேட்க வேண்டாம். டாட் 5 மட்டும் சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஒரு கரண்டி ஊற்றிவிட்டாலும் உள்ளே உள்ள ரப்பர்கள் எல்லாம் ஊதிப் போகும்; அவற்றை மாற்றிக் குழாய்களையும் கழுவாமல் வண்டியை எடுக்க முடியாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. புதிய டாட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி, அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் 155 பாகை தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கிவந்துவிடுகிறது. பேச்சிப்பாறை மலைச்சாலையில் இறங்கும்போது அந்த வேறுபாடு காலில் தெரியும். அந்த நீரே குழாயை உள்ளிருந்தும் அரிக்கும் என்பதால், இரண்டு ஆண்டுக்கொரு முறை முழுமையாக மாற்றிவிடுங்கள். ஊற்றும்போது பெயிண்டில் சிந்தினால் துடைத்துப் பரப்பாமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இல்லையென்றால் பெயிண்ட் உரிந்துவிடும். மாற்றியது போக மிஞ்சியதை, மூடி திறந்த பாட்டிலில், அடுத்த ஆண்டுக்கென்று அலமாரியில் எடுத்து வைக்காதீர்கள்.